அப்பா படலை தாண்டிய கதை

"இங்கிலிசு தெரிஞ்சாப்போலை இருதயமும் தெரியுமோ, பிள்ளை?"

கனகு மாமா என்னிடம் இப்படிக் கேட்டபோது அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். மார்பில் வயர்கள். தலைமாட்டில் பச்சைக் கோடு ஓடும் ஒரு பெட்டி. மாமா கால்மாட்டில் நின்று, அப்பாவுக்கென்று கொண்டுவந்த திராட்சைப்பழங்களை ஒவ்வொன்றாகத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

கனகு மாமா அம்மாவின் மூத்த அண்ணன். டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எங்கள் குடும்பத்தில் முதலில் லண்டன் வந்தவர் அவர். முதலில் சாமான் ஏற்ற வான் வாங்கியவரும் அவர். ஆகவே எதைப் பற்றியும் முதலில் தீர்ப்புச் சொல்வதும் அவர்தான்.

அன்றைய வழக்கு என் மொழிபெயர்ப்பைப் பற்றியது. மோரா என்ற அயர்லாந்து நர்ஸ் சொன்னதை நான் அப்படியே தமிழில் சொல்லியிருந்தேன். நாளையிலிருந்து அப்பா நடக்க வேண்டும். முதலில் வார்டுக்குள், பிறகு வீட்டுக்குள், பிறகு தெருவில். ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிடக் கொஞ்சம் கூட.

"நடக்கவோ?" என்றார் அம்மா. "ஹார்ட் அட்டாக் வந்த மனுசனோ?"

"அவ அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டா. பிள்ளைக்கு விளங்கேல்லை," என்றார் மாமா.

"விளங்கினது மாமா. நடக்கச் சொல்லித்தான் சொன்னவ."

"ஊரிலை நெஞ்சுவருத்தக்காரனை ஆராவது நடக்க விட்டவையோ? அசையாமல் கிடக்கவேணும். சோறும் தீத்தித்தான் விடவேணும்."

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

எனக்குக் காது சுட்டது. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தின் உட்புறத்தை முதலில் பார்த்தவள் நான்தான். அப்பாவின் கையொப்பம் ஒரு நேர்கோடு. அம்மாவுக்கு அந்தக் கோடும் இல்லை, பெருவிரல்தான். அப்போது நான் பாலிடெக்னிக்கில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். கவுன்சில் கடிதம், காஸ் பில், டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் என் வாய்தான் வீட்டின் வாய். காஸ் பில்லில் என்னை நம்பினார்கள். இருதயத்தில் நம்பவில்லை.

"தெரியும் மாமா. இருந்து பாருங்கோ," என்றேன், தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு.

சொன்ன பிறகுதான், மோரா சொன்னதை மனதுக்குள் இன்னொரு தடவை மொழிபெயர்த்துப் பார்த்தேன்.

சேட்டுக்கு அழுதவர்

எங்கள் முதல் லண்டன் குளிர்காலத்தைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதை வாசித்துவிட்டு, "உங்கள் அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று எட்மண்டனில் இருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்கான பதில்தான் இது. கொஞ்சம் சுற்றி வளைத்து வரும்.

எண்பதுகள் முடியப்போகிற ஓர் இலையுதிர்காலம். அப்பாவுக்கு ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் நின்றவருக்குத் திடீரென்று வியர்த்தது. அந்தக் குளிரில் வியர்வை! கோட்டு அளவுக்கு மீறித் தடிப்பு என்று நினைத்துக் கோட்டைக் கழற்றினார். இடது கை பாரமாக இருந்தது. கோட்டைச் சுமப்பதால்தான் என்று நினைத்து அதை வலது கைக்கு மாற்றினார். பிறகு நடைபாதையிலேயே குந்திவிட்டார்.

பக்கத்து வீட்டு டோரீன் அந்நேரம் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஜமெய்க்காவில் பிறந்தவர், எங்களுக்கு வெகுகாலம் முன்பே பிளேஸ்டோவுக்கு வந்தவர். தெருவில் ஒருவரையும் சுகம் விசாரிக்காமல் கடந்து போகமாட்டார். அப்பாவைக் கண்டதும் பைகளைப் போட்டுவிட்டுத் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினார். பைக்குள் இருந்த முட்டைகள் எல்லாம் உடைந்தன. அந்த ஓட்டம்தான் அப்பாவைக் காப்பாற்றியது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த நானும் அம்புலன்ஸில் ஏறினேன். அப்பாவின் சேட்டை நெஞ்சோடு கத்தரிக்கோலால் வெட்டினார்கள். தீபாவளிக்கு வாங்கிய சட்டை, நீலக் கோடு போட்டது.

"பொத்தானைக் கழட்டத் தெரியாதோ இவையளுக்கு?" என்று கேட்டார் அப்பா.

இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றும்போதும் சேட்டைப் பற்றித்தான் பேசினார். நெஞ்சுக்குள் நடந்துகொண்டிருந்தது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை. அவருடைய துக்கம் முழுவதும் சேட்டுக்கே.

நல்ல மனுசனாய் இருந்தவர்

வீட்டுக்கு வந்ததும் கட்டிலை முன்னறைக்கு இறக்கினோம். சனம் வரத் தொடங்கியது.

சுகமில்லாதவரைப் பார்க்க வருவது எங்கள் ஆட்களின் பெரிய குணம். ஆனால் வந்தவர்கள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலைச் சுற்றி இருந்து, தேத்தண்ணிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார்கள். "எவ்வளவு நல்ல மனுசனாய் இருந்தவர்!" என்று பெருமூச்சு விட்டார்கள். கட்டிலில் கிடந்த அப்பாவும், ஓம் என்று தலையாட்டினார்.

ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. "எனக்குத் தெரிஞ்ச ஒராள், ஆஸ்பத்திரியாலை வந்து ஒரு கிழமை. குளிக்கவெண்டு எழும்பினவர். சரி." கதை எல்லாம் அந்தச் 'சரி'யில்தான் முடியும், கதையில் வருகிற ஆளும்.

அம்மா ஒரு விசித்திரமான நீதிபதி. தேங்காய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்று நான் மொழிபெயர்த்ததை உடனே நம்பினார். கஷ்டமான விஷயம் என்றால் டாக்டர் சொன்னதாகத்தான் இருக்கும் என்பது அவர் கொள்கை. அன்றைக்கே ஆடை நீக்கிய பசுப்பாலில் சொதி வந்தது. சுருட்டை நிறுத்த வேண்டும் என்பதையும் நம்பினார். அதை நம்ப மறுத்தவர் அப்பா. ஆனால் சுருட்டுப் பெட்டி எங்கே என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். நடக்க வேண்டும் என்பதில்தான் இருவரும் ஒரே கட்சி.

ஒரு நாள் அப்பா மாமாவைக் கூப்பிட்டார். "மச்சான், உந்தக் கோட்டை நீர் எடும். எனக்கினி வெளிக்கிடுற அலுவல் இல்லை."

மாமா வேண்டாம் என்று சொல்வார் என்று பார்த்தேன். போட்டுப் பார்த்தார். பொத்தான் பூட்டவில்லை. "பரவாயில்லை," என்று போட்டுக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த நாள் அப்பா தன் மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் கட்டினார். அது வழுக்கி முழங்கை வரை போனது. "நீ கட்டு பிள்ளை. எனக்கு இனி என்ன நேரம்?"

நான் குசினிக்குப் போய்ச் சமையல் தொட்டிப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன்.

மோரா எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். இருதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது. மிச்சம் இருப்பது அதன் வேலையையும் சேர்த்துச் செய்யப் பழக வேண்டும். வேலை கொடுத்தால்தான் பழகும். படுத்தே கிடந்தால் அதுவும் சோர்ந்துவிடும். கொஞ்ச வாரங்களில் ஒரு பரிசோதனை, ட்ரெட்மில் என்ற ஓடும் பட்டியில் நடக்க வைத்துப் பார்ப்பார்கள்.

பரிசோதனைக்கு நான் பயப்படவில்லை. அதற்கு முன்பே அப்பா தன்னைச் செத்தவராக எண்ணத் தொடங்கிவிட்டார். அதுதான் என் பயம்.

எங்கை போறியள்?

ஒரு காலை, வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அப்பாவை எழுப்பி, கம்பளிச் சட்டை, கழுத்துத் துண்டு, குல்லா எல்லாம் போட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே விபூதி பூசிவிட்டார். எனக்கு மட்டும் அப்பா மறுப்புச் சொல்லமாட்டார், அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் இடையில் கைக்குட்டை அளவு முற்றம், அதற்கு ஒரு சின்ன மரக்கதவு. நாங்கள் அதைப் படலை என்போம். அப்பா அதில் கை வைத்தார்.

பக்கத்து வாசலில் டோரீன். முகம் நிறையச் சிரிப்பு. தான் காப்பாற்றிய மனுசன் எழுந்து நடக்கிறார் அல்லவா? "எங்கே கிளம்பியாச்சு, டார்லிங்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம். 'எங்கே' அவற்றில் ஒன்று.

படலையில் இருந்து கையை எடுத்தார். திரும்பினார். உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். அம்மா ஒன்றும் கேட்காமலே ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வெளிக்கிட்டவரைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் முழுவியளம், அதாவது புறப்படும் சகுனம், பிழைத்துவிட்டது, போகிற காரியம் சரிவராது. திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்து, புதிதாகப் புறப்பட வேண்டும். கேட்காமல் இருக்கவே முடியாது என்றால் "தூரமோ?" என்று கேட்கலாம். அதில் தோஷம் இல்லை. "ஓம், கொஞ்சம் தூரம்" என்றோ "இல்லை, கிட்டத்தான்" என்றோ சொல்லிவிட்டுப் போகலாம். போகும் இடம் வெளியே வராது.

தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளிக்கிட்டோம். தபால்காரர் கேட்டார். மறுபடி தண்ணீர். மூன்றாவது தடவை டோரீனின் கணவர் மேல் ஜன்னலில் இருந்து கேட்டார். லண்டனில் அயலவர் முகம் பார்ப்பதில்லை என்று சொல்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை.

அந்த வாரம் அப்பா நடந்ததைவிடக் குடித்த தண்ணீர் அதிகம்.

மோரா தொலைபேசியில் கேட்டார்: "எவ்வளவு தூரம் நடக்கிறார்?"

"வாசல் வரை."

"என்ன தடை? வலியா?"

பக்கத்து வீட்டுக்காரி அன்பாக விசாரிப்பதால் நடக்க முடியவில்லை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

போன பஸ்

படித்தவள் அல்லவா, முதலில் வாதாடிப் பார்த்தேன்.

"அப்பா, இதெல்லாம் மூடநம்பிக்கை. டோரீனுக்கு எங்கடை முழுவியளம் தெரியுமோ?"

"நெருப்புக்கு மட்டும் நீ ஆரெண்டு தெரியுமோ? சுடும்தானே?"

"என்ன அத்தாட்சி?"

"ஏன், நாங்கள் லண்டனுக்கு வெளிக்கிட்ட அண்டு நடந்தது நினைவில்லையோ?"

நினைவிருந்தது. கொழும்புக்குப் போக மூட்டைகளோடு இறங்கியபோது எதிரே வந்த ஒருவர், "எங்கை, குடும்பத்தோடை?" என்று கேட்டுவிட்டார். அப்பா எங்கள் எல்லோரையும் திருப்பிக் கூட்டிப்போய் இருத்தித் தண்ணீர் கொடுத்தார். பஸ் போய்விட்டது. அடுத்த நாள்தான் போனோம்.

"சரி, அந்த பஸ்ஸுக்கு என்ன நடந்தது அப்பா?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"பேந்தென்ன?"

"நாங்கள் ஏறேல்லை. அதுதான் ஒண்டும் நடக்கேல்லை."

அம்மா ஆமோதித்துத் தலையாட்டினார். இதற்கு என்ன பதில் என்று பாலிடெக்னிக்கில் சொல்லித் தரவில்லை.

அன்று பின்னேரம் படிக்கட்டில் இருந்து யோசித்தேன். பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அப்பாவின் தலையை மாற்ற என்னால் ஏலாது. ஆனால் தெருவை மாற்றலாமே?

எழும்பிப் போய் டோரீனின் கதவைத் தட்டினேன்.

ஒரு தெரு தமிழ் பேசியது

டோரீனிடம் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, இவ்வளவு நாளும் நானா அவரைத் திருப்பி அனுப்பினேன்?"

சிரிப்பார் என்று நினைத்திருந்தேன். சிரிக்கவே இல்லை. தன் அம்மா வாசலைத் தாண்டிவிட்டால் மறந்துபோன குடைக்குக்கூடத் திரும்பமாட்டார், மழையில் நனைந்தே சந்தைக்குப் போவார் என்று சொன்னார். என்னுடைய பாலிடெக்னிக் சிநேகிதிகளுக்கு விளங்கப்படுத்த ஒரு நாள் பிடித்திருக்கும். டோரீனுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

"சரி, எப்படிக் கேட்க வேண்டும்? சொல்லித் தா."

"தூரமோ?"

"டூராமோ?"

"தூ..."

"டூ..."

"காணும், அது போதும்," என்றேன்.

மறுநாள் காலை அப்பா படலையில் கை வைத்தார். அடி விழப்போகிறது என்று காத்திருக்கிறவர் போல முகத்தை இறுக்கி வைத்திருந்தார். டோரீன் முற்றம் கூட்டும் தும்புத்தடியோடு வாசலில் தயாராக நின்றார்.

"டூராமோ, மிஸ்டர் ராஜா?"

அப்பா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, ஒழுங்கையில் எதிர்ப்பட்ட அயலவருக்குச் சொல்வது போல, மிக இயல்பாகத் தமிழிலேயே பதில் சொன்னார்: "ஓம், கொஞ்சம் தூரம்."

படலை திறந்தது.

தெருவில் கால் வைத்ததும் மேல் ஜன்னல் திறந்தது. டோரீனின் கணவர் தலையை நீட்டி, "டூராமோ!" என்று கத்தினார். "ஓம், ஓம்," என்றார் அப்பா. தெருமுனையில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, தொப்பியைத் தூக்கி, "டூராமோ, சேர்?" என்றார். டோரீன் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, சிரித்து, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அடக்க ஏலவில்லை. இருவரும் கம்பத்தின் இரண்டு பக்கமும் தொங்கினோம். ஹார்ட் அட்டாக் வந்தவர் இவ்வளவு சிரிக்கலாமா என்று மோராவிடம் நான் கேட்டு வைக்கவில்லை.

விமானம் ஓட்டத் தெரியுமா?

மோரா ஒரு அளவு சொல்லியிருந்தார். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச மூச்சு இல்லை என்றால் வேகம் கூடிவிட்டது, குறைக்க வேண்டும்.

இதில் சிக்கல், அப்பா பேசாத மனுசன். வேலை, சாப்பாடு, நித்திரை. அவர் வாயில் இருந்து நாலு வசனம் சேர்ந்து வந்து நான் கேட்டதில்லை. ஆகவே நான் கேள்வி கேட்டுக்கொண்டே நடந்தேன்.

முதலில் தபால்பெட்டி வரை. பிறகு மருந்துக்கடை வரை. பிறகு பார்க் வரை. தூரம் கூடக் கூடக் கதையும் கூடியது.

பாண் தொழிற்சாலை நேர்முகத்தில், "யெஸ் சேர்" மட்டும் தெரிந்துகொண்டு போய் இருந்தாராம். பாண் வேலை தெரியுமா? யெஸ் சேர். பாரம் தூக்குவாயா? யெஸ் சேர். மேலாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விமானம் ஓட்டத் தெரியுமா? யெஸ் சேர். மேலாளர் சிரித்துச் சிரித்து அங்கேயே வேலை கொடுத்துவிட்டாராம்.

"அவர் என்ன கேட்டவர் எண்டு உங்களுக்கு எப்பிடி விளங்கினது?"

"அங்கை வேலை செய்யிற எல்லாரும் இண்டைக்கும் என்னைப் பைலட் எண்டுதானே கூப்பிடுகினம்."

இன்னொரு நாள் சொன்னார்: "நீ முதல் நாள் பள்ளிக்கூடத்தாலை வந்து மண்ணிலை 'அ' எழுதிக் காட்டினாய். நான் நண்டெண்டு நினைச்சன். கேக்க வெக்கமாய் இருந்தது. வடிவான நண்டெண்டு மனசுக்குள்ளை சொன்னன்."

நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாத்துக் குளத்தைச் சுற்றி நடந்தேன். பேச மூச்சு இல்லாதது அன்றைக்கு எனக்குத்தான்.

குளத்தடியில் அப்பா கையை நீட்டினார். "அந்த மணிக்கூட்டைத் தா பிள்ளை. எவ்வளவு நேரம் நடந்தனாங்கள் எண்டு பாக்கவேணும்."

அவசரத்தில் கழற்றிய வேகத்துக்கு வார் அறுந்துபோனது.

மாமாவின் வான்

ஒரு தூறல் நாள். நாங்கள் இருவரும் ஒரு ஏற்றத்தில் கதைத்துக்கொண்டு போனோம். பின்னால் பிரேக் கீச்சிட்டது. கனகு மாமாவின் வான். கிழக்கு லண்டனில் ஒரு கடைக்கு அரிசி மூட்டை இறக்கிவிட்டு வந்திருக்கிறார். அப்பாவின் கோட்டைத்தான் போட்டிருந்தார், பொத்தான் பூட்டாமல்.

"விசரே உனக்கு? உன்ரை அப்பரைக் கொல்லுறதுக்கு றோட்டோ கிடைச்சது?"

அப்பாவை வானுக்குள் ஏற்றி, அரிசி வாசத்தோடு வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "உன்ரை மனுசனை மழைக்குள்ளை ஓடவிட்டிருக்கிறாள். நாளைக்கு ஏதும் நடந்தால் நீதான் அழவேணும்."

அம்மா என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அம்மா வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்தது. அப்பா மறுபடி அந்தக் கட்டிலுக்குப் போய்விடுவார்.

"அண்ணை," என்றார் அம்மா மெதுவாக. "நேற்று இவர் தானாய்ச் சோறு கேட்டவர். வருத்தம் வந்த பிறகு கேட்டது அதுதான் முதல் தரம்."

அப்பா எழுந்து மாமாவின் முன்னால் போய் நின்றார்.

"மச்சான், கோட்டைக் கழட்டும். நாளைக்கும் போகவேணும், வெளியிலை குளிருது."

மாமா கழற்றினார். ஆனால் தோற்கவில்லை. "சரி. டெஸ்ட் அண்டு நானும் வாறன். டாக்டரிட்டை நேரை கேக்கிறன்."

"எந்தப் பாஷையிலை?" என்று கேட்டார் அம்மா.

எங்கும் போகாத றோட்டு

பரிசோதனை நாளில் ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை செய்யவில்லை. படி ஏறினோம். அப்பா விமானக் கதையை மறுபடி சொல்லிக்கொண்டே ஏறினார். மாமா ஒவ்வொரு வளைவிலும் நின்று, சுவரில் மாட்டியிருந்த படங்களை வெகுநேரம் ரசித்தார். மாமாவுக்கு ஓவியத்தில் ஆர்வம் உண்டு என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

பரிசோதனை அறையில் இருந்த இளம்பெண் எங்களைப் பார்த்ததும், "வாங்க அங்கிள், உட்காருங்க," என்றாள். பினாங்கில் இருந்து படிக்க வந்து இங்கேயே வேலையில் சேர்ந்த தமிழ்ப்பெண். பெயர் சாந்தி. மாமாவின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. என்னைத் தவிர வேறொரு சாட்சி!

"பிள்ளை, நீர் சொல்லும். நெஞ்சுவருத்தம் வந்த மனுசன் நடக்கலாமோ?"

"நடக்கலாமாவா? நடந்தே ஆகணும் அங்கிள். படுத்தே கிடந்தாத்தான் ஆபத்து. யாரு இவரை இவ்வளவு நல்லா பழக்குனது?"

"என்ரை மருமகள்," என்றார் மாமா, எல்லாம் தன் யோசனை போல.

நான் கூரையைப் பார்த்தேன். இல்லாவிட்டால் என் பல்லெல்லாம் வெளியே வந்திருக்கும்.

பட்டி ஓடத் தொடங்கியது. அப்பாவின் நெஞ்சில் மறுபடி வயர்கள், பெட்டியில் மறுபடி அந்தக் கோடு. டாக்டர் கைகட்டி நின்று அதையே பார்த்தார். வேகம் கூடியது. பட்டி மேல்நோக்கிச் சரிந்தது. அப்பாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

அன்று பஸ் நிறுத்தத்திலும் முதலில் வந்தது வியர்வைதான். என் சிரிப்பு நின்றுவிட்டது. நான் சொல்லித்தான் அவர் நடந்தார். இப்போது கோடு குழம்பினால்?

"வலி இருக்கா அங்கிள்?"

"இல்லை."

"மூச்சு?"

மூச்சு இருக்கிறது என்று காட்ட அப்பா ஒரு கதையைத் தொடங்கினார். பாண் தொழிற்சாலை, நேர்முகம், யெஸ் சேர். சாந்தி டாக்டருக்கு மொழிபெயர்த்தாள். 'விமானம்' வந்த இடத்தில் டாக்டர் கட்டிய கையை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார். கோடு ஒழுங்காக ஓடியது. நேரம் முடிந்தது, பட்டியை நிறுத்தப் போனாள் சாந்தி.

"இன்னும் கொஞ்சம் விடு பிள்ளை," என்றார் அப்பா. "நல்ல றோட்டு. எங்கையும் போகாது. ஆரும் ஒண்டும் கேக்கவும் ஏலாது."

வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். பாரம் தூக்காத வேலை. நடையை மட்டும் விடக்கூடாது. நான் இதை மொழிபெயர்த்தபோது ஒருவரும் மறுக்கவில்லை. அப்பா துவாயால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அப்போது சாந்தி மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். படி ஏறிய மாமாவுக்கு இன்னும் இளைப்பு ஆறவில்லை. "அங்கிள், நீங்க கடைசியா எப்ப செக் பண்ணுனீங்க?"

"எனக்கென்ன? நான் நல்ல சுகம்," என்றார் மாமா, இரண்டு மூச்சில்.

அடுத்த மாதம் மாமாவும் பட்டியில் ஏறினார். பிரஷர் வானத்தில் இருந்ததாம். இப்போது காலையில் கடை திறக்குமுன் டூட்டிங்கில் வேகநடை போகிறார். அவருக்கு நடைபழக்கியவர் அப்பா. "கதைச்சுக்கொண்டு நடவும் மச்சான், கதைச்சுக்கொண்டு!" என்று பின்னால் இருந்து விரட்டுவாராம். கதைப்பதற்கு மாமாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

திங்கட்கிழமை

எட்மண்டன் வாசகிக்கு: அப்பா மிக நன்றாக இருக்கிறார். இலையுதிர்காலங்கள் பல வந்து போய்விட்டன. மாத்திரை போடுகிறார், நடக்கிறார், சொதிக்குக் குறை சொல்கிறார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பரிசோதனை முடிந்த கையோடு மோரா என்னிடம் ஒன்று கேட்டார். வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் இருதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது, தமிழ் ஆட்கள் வருகிறார்கள், ஒன்றும் விளங்காமல் மூலையில் நிற்கிறார்கள், வந்து தமிழில் சொல்லித் தருவாயா?

போனேன். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து கைவீசும் ஐயாமார். சேலையும் விளையாட்டுச் சப்பாத்துமாக வந்து, வெட்கம் போனபின் எல்லோரையும் முந்தும் அம்மாமார். பாட்டுப் போட்டால் ஒரு பக்கம் கை போகும், மறுபக்கம் கால் போகும். சாகப்போகிறோம் என்று வந்தவர்கள் சிரித்துக்கொண்டு பஸ் ஏறுவதை ஒவ்வொரு வியாழனும் பார்த்தேன்.

பாலிடெக்னிக் முடிந்தது. கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. சுழலும் கதிரை. பிளேஸ்டோவில் அப்பா சொல்லாத ஆள் இல்லை: "என்ரை பிள்ளை அக்கவுண்டன்." எனக்கும் பெருமைதான். ஆனால் திங்கள் முதல் புதன் வரை நான் வியாழனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த அத்தியாயத்தை நான் அலுவலகத்தில் இருந்து எழுதவில்லை. பிசியோதெரபிக் கல்லூரி ஒன்றின் உணவகத்தில் இருந்து எழுதுகிறேன். எதிரே ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை யாரோ கதிரையில் இருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். சுழலும் கதிரையைப் போன மாதமே விட்டுவிட்டேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இந்தப் பத்திரிகை வெள்ளிக்கிழமை மாமாவின் கடைக்கு வரும். சாமான் வாங்க வருகிற யாராவது வாசித்துச் சொல்லிவிடுவார்கள். அரை மணித்தியாலத்தில் வான் எங்கள் வாசலில் நிற்கும். அதற்கு முன், இந்தத் தாள்களின் பிரதியோடு வியாழன் பின்னேரம் நான் வீட்டுக்குப் போகிறேன். நான் எழுதியதை நான்தானே அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்? அவர் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பார். விமானம் வரும் இடத்தில் சிரிப்பார். நண்டு வரும் இடத்தில் மூக்கைத் துடைத்துவிட்டு வெங்காயத்தைக் குற்றம் சொல்வார். பிறகு இந்த வரி வரும். வெங்காயத்தின் மேல் கத்தி நிற்கும்.

அப்பா, நான் கணக்கு வேலையை விட்டிட்டன். பிசியோதெரபிக் கல்லூரியிலை திங்கட்கிழமை முதலாவது வகுப்புக்குப் போயிட்டும் வந்திட்டன்.